வைரஸால் மாற்ற முடியாத இடம்

எச்.ஐ.வி. தனக்கென்று ஒரு கத்தரிக்கோல் வைத்திருக்கிறது. புரோட்டியேஸ் என்னும் நொதி அது. தொற்றிய செல்லுக்குள் வைரஸின் புரதங்கள் பல, நீண்ட சங்கிலியாகக் கோத்தபடியே உருவாகின்றன. புரோட்டியேஸ் அதை உரிய இடங்களில் வெட்டினால்தான் புதிய வைரஸ் முதிரும். வெட்டு விழாவிட்டால் அதனால் இன்னொரு செல்லைத் தொற்ற முடியாது.

1989-இல் இந்த நொதியின் முப்பரிமாண வடிவம் தெரியவந்தது. 99 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே மாதிரியான இரண்டு பாதிகள், நடுவே ஒரு குழி. வெட்டு நடப்பது அந்தக் குழியில். வெட்டுப்படும் தருணத்தில் சங்கிலி கொள்ளும் உருவத்தை ஒத்த, ஆனால் வெட்ட முடியாத ஒரு மூலக்கூறைச் செய்து அங்கே செருக வேதியியலாளர்கள் முனைந்தார்கள். அப்படி வந்த சாக்வினாவிர் 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மறு ஆண்டே ரிட்டோனாவிரும் இண்டினாவிரும் வந்தன. மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தபோது, சாவின் விளிம்பில் இருந்தவர்கள் எழுந்து நடமாடினார்கள். மருத்துவ வரலாற்றில் இதற்கு இணையானவை மிகச் சிலவே.

ஆனால் எச்.ஐ.வி. நகலெடுக்கும்போது நிறையப் பிழை செய்யும். அந்தப் பிழைகளால் குழியின் சுவரில் அமினோ அமிலங்கள் மாறின. மருந்தின் பிடி நழுவியது.

இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்த அருண் கோஷ் இதற்குக் கண்ட வழிதான் என்னை மிகவும் கவர்ந்தது. மாறுவதெல்லாம் அமினோ அமிலங்களின் பக்கக் கிளைகள். அவற்றைத் தாங்கும் முதுகுத்தண்டு அணுக்களோ அப்படியே இருக்கும். அந்த அமைப்பு குலைந்தால் நொதியே வேலை செய்யாது. ஆகவே பிடிக்க வேண்டியது முதுகுத்தண்டை. தலா ஓர் ஆக்சிஜன் கொண்ட இரண்டு வளையங்களை ஒட்டிச் செய்த சிறு பகுதியை அவர் மூலக்கூறின் ஒரு முனையில் வைத்தார். அந்த ஆக்சிஜன்கள் 29, 30-ஆம் இடங்களின் முதுகுத்தண்டோடு ஹைட்ரஜன் பிணைப்புக் கொள்கின்றன. இப்படி உருவான தருணாவிர், பழைய மருந்துகள் பலிக்காத நோயாளிகளுக்காக 2006-இல் அனுமதி பெற்றது.

அந்த இரட்டை வளையத்தைச் செய்வது எளிதல்ல. அதன் கண்ணாடிப் பிம்ப வடிவத்துக்கு அவ்வளவு பிடிப்பு இல்லை. ஒரு செய்முறையில் இரண்டும் கலந்தே கிடைத்தன. லிபேஸ் என்ற நொதியைக் கொண்டு கோஷ் குழுவினர் அவற்றைப் பிரித்தெடுத்தார்கள்.

தருணாவிரை மட்டும் விழுங்கினால் கல்லீரல் விரைவில் சிதைத்துவிடும். அதைத் தடுக்கச் சிறிதளவு ரிட்டோனாவிர் சேர்த்துத் தருகிறார்கள்.