பழைய எந்திரத்தின் தட்டொலி

மாணவர்களே, உங்கள் வீட்டில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று இருக்கக்கூடும். தந்தையாரின் பணிமாறுதலின்போதெல்லாம் தொடர்வண்டியில் ஏற்றப்பட்டு, ஊர் ஊராக உங்களோடு வந்த வண்டியாக அது இருக்கலாம். ஒருநாள் அதன் எந்திரத்திலிருந்து புதியதோர் ஒலி எழுகிறது. பட்டறையில் உள்ள மெக்கானிக்குக்குத் தமிழ் தெரியாது. தந்தையாருக்கோ உள்ளூர் மொழி அரைகுறை. இடையில் நின்று ஒலியை விளக்கவேண்டியவர் நீங்களே. தவறாக விளக்கினால், பிரிக்கத் தேவையில்லாத எந்திரம் பிரிக்கப்பட்டுவிடும்.

எடுத்துக்காட்டாக, பழைய ராயல் என்ஃபீல்டு புல்லட் 350 வண்டியைக் கொள்வோம். 1955ஆம் ஆண்டில் உருவான என்ஃபீல்டு இந்தியா நிறுவனம், சென்னையை அடுத்த திருவொற்றியூரில் இதனைத் தயாரித்தது. இராணுவத்தினர் எல்லைப்புறங்களில் ஓட்டிய புல்லட்டுகளுள் பல நம் திருவொற்றியூரில் பிறந்தவையே.

இவ்வண்டியின் எந்திரத்தில் உருளை ஒன்றே. அதன் உள்விட்டம் 70 மி.மீ. அதனுள் பிஸ்டன் 90 மி.மீ. தொலைவு மேலும் கீழும் இயங்குகிறது. பிஸ்டனைத் தமிழில் உந்துதண்டு என்பர். ஆயினும் பட்டறையில் பிஸ்டன் என்றால்தான் விளங்கும்.

உருளை வார்ப்பிரும்பால் ஆனது. பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. சூடேறும்போது அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இருமடங்கு விரிவடையும். ஆகவே, விரிவதற்கு இடம் தந்து, இரண்டிற்கும் நடுவே தலைமுடியின் பருமனை ஒத்த இடைவெளி விடப்படுகிறது. எந்திரம் குளிர்ந்திருக்கும்போது இந்த இடைவெளி மிகுதி. எரிவளி பற்றிப் பிஸ்டனைக் கீழே தள்ளும் கணத்தில், அது சற்றே சாய்ந்து, உருளையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கச் சுவரில் மோதுகிறது. அதுவே பிஸ்டன் தட்டொலி. வடநாட்டுக் குளிர்காலக் காலையில் இது நன்கு கேட்கும். சில நிமிடங்களில் எந்திரம் சூடேறியதும் ஒலி அடங்கிவிட்டால் அஞ்சவேண்டியதில்லை.

ஆனால், பழைய எந்திரத்தில் எழும் ஒலியெல்லாம் பிஸ்டனின் ஒலி அன்று. இங்கே நம் மொழியின் ஒலிக்குறிப்புச் சொற்கள் கைகொடுக்கும். வெற்றுக் கொட்டாங்குச்சியைத் தட்டினாற்போல 'டொக்டொக்' என எழுவது பிஸ்டனின் ஒலி. தையல் எந்திரம்போல் 'டிக்டிக்' என மெல்லிதாகக் கேட்டால் அது பெரும்பாலும் டேப்பட்டின் ஒலி. குளிர்ந்த எந்திரத்தில், வால்வு மூடிய நிலையில், தள்ளுகோல் விரலால் சுழலுமாறு அதனைச் சரிசெய்தாலே போதும். மேட்டில் ஏறும்போது மட்டும், தகரக் குவளையில் கோலிக்குண்டுகளைக் குலுக்கினாற்போலக் 'கலகல' என ஒலித்தால், தீப்பொறி உரிய நேரத்திற்கு முன்பே எழுகிறதா எனப் பார்க்கவேண்டும். அடியிலிருந்து 'திடும்திடும்' எனக் கனத்த ஒலி வந்து கால்மிதியும் அதிர்ந்தால், வண்டியை உடனே நிறுத்திவிடவேண்டும். உள்ளே பேரிங் தேய்ந்திருக்கலாம். இவை அனைத்தையும் 'சத்தம் வருகிறது' என்னும் ஒரே தொடரில் அடக்கிவிட்டால் மெக்கானிக் என்ன செய்வார்?

சூடேறிய பின்னும் 'டொக்டொக்' ஒலி நிற்கவில்லை. புகைபோக்கியில் நீலப்புகை வருகிறது. எண்ணெய் விரைவில் குறைகிறது. அப்போது உருளை தேய்ந்துள்ளது எனக் கருதலாம். இதனை உறுதிசெய்ய அனுபவமுள்ளோர் ஓர் எளிய சோதனை செய்வர். எந்திரம் நிற்கும்போது தீப்பொறி பிளக்கைக் கழற்றி, அத்துளையின் வழியே ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, கிக்கரைச் சிலமுறை மிதித்துவிட்டு, பிளக்கைப் பொருத்தி இயக்குவர். எண்ணெய் இடைவெளியை நிரப்புவதால் ஒலி சிறிது நேரம் தணிந்து மீண்டும் எழுமாயின், குற்றம் அவ்விடைவெளியிலேயே உள்ளது.

அதன்பின்னரே உருளையைக் கழற்றி, மேலும் நடுவும் கீழும், இரு திசைகளில் உள்விட்டத்தை அளப்பர். உருளை எங்கும் ஒரே சீராகத் தேய்வதில்லை. தேய்மானம் மிகுந்திருந்தால் உட்புறத்தைக் கடைந்து, சற்றுப் பெரிய பிஸ்டனைப் பொருத்துவர். பட்டறையில் இதற்குப் 'போரிங்' என்று பெயர். 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. எனப் படிப்படியாகப் பெரிய பிஸ்டன்கள் கடையில் கிடைக்கும். கடைந்த இரும்பு மீண்டும் வளராது. தேவையின்றி ஒருமுறை கடைந்தால் வண்டியின் ஆயுளில் ஒரு படி வீணாகிறது.

ஒலியே கூடாதென்று இடைவெளியை மிகவும் இறுக்கிவிடுவதும் தீங்கே. வெப்பத்தில் விரிந்த பிஸ்டன் உருளையைக் கவ்விக்கொண்டால், ஓடும் வண்டியின் பின்சக்கரம் திடீரென நின்றுவிடும். கைதேர்ந்த மெக்கானிக் காலைநேரத்துச் சிறு தட்டொலியைப் பொறுத்துக்கொள்வது இதனால்தான். புதிய பிஸ்டன் பொருத்திய பின், முதல் சில நூறு கிலோமீட்டர் வரை வண்டியை விரட்டாமல் ஓட்டவேண்டும்.

பயிற்சி

1. குளிர்ந்த எந்திரத்தில் எழும் தட்டொலி, சூடேறியதும் அடங்குவது ஏன்?
2. 'கலகல' என்பது இரட்டைக்கிளவி. இதுபோன்ற சொற்கள் ஐந்தினை எழுதுக.
3. உங்கள் வீட்டு வண்டியின் ஒலியை மூன்று தொடர்களில் தமிழில் விளக்குக. பின்னர் அதனையே உங்கள் ஊர் மெக்கானிக்குக்குப் புரியும் மொழியில் கூறுக.