கடன் என்னும் சொல்

அண்மையில் நண்பர் ஒருவரின் இல்லத்தில் நடந்த நினைவு வழிபாட்டில் கலந்துகொண்டேன். அக்குடும்பத்தில் ஒரு சாரார் கத்தோலிக்கர்; மறு சாரார் சீர்திருத்தத் திருச்சபையினர். இயேசு தம் சீடர்களுக்குக் கற்பித்த மன்றாட்டை இரு சாராரும் தத்தம் வழக்கப்படி சொன்னார்கள். சொற்கள் ஆங்காங்கே வேறுபட்டாலும் பொருள் ஒன்றாகவே இருந்தது. ஓரிடத்தில் மட்டும் பொருளே வேறுபடுவதுபோல் எனக்குத் தோன்றியது. ஒரு சாரார் தங்கள் பாவங்களைப் பொறுத்தருள வேண்டினார்கள். மறு சாரார் தங்கள் கடன்களை மன்னிக்க வேண்டினார்கள்.

நான் இறையியல் கற்றவன் அல்லன். ஆனால், வாழ்நாள் முழுவதும் பொருளியல் கற்பித்தவனுக்குக் 'கடன்' என்ற சொல் காதில் விழுந்தால் கடந்துபோக முடிவதில்லை.

இந்த வேறுபாடு தமிழில் தோன்றியது அன்று. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்திலேயே அது இருக்கிறது. மத்தேயு நற்செய்தி இவ்விடத்தில் 'ஒஃபெய்லேமா' என்ற சொல்லை ஆள்கிறது. செலுத்த வேண்டிய கடன் என்பது அதன் நேர்பொருள். லூக்கா நற்செய்தியோ முற்பகுதியில் 'பாவம்' என்று சொல்லிவிட்டு, பிற்பகுதியில் 'எங்களுக்குக் கடன்பட்டவர்' என்ற பொருளுக்குத் திரும்பிவிடுகிறது. இயேசு பேசிய அரமேய மொழியில் 'ஹோபா' என்ற ஒரே சொல் கடனையும் பாவத்தையும் குறித்தது என்பது இதற்கு அறிஞர்கள் தரும் விளக்கம்.

அப்படியானால், கடன் என்பது பாவத்தைக் குறிக்கும் வெறும் உருவகம்தானா? அன்றைய பாலஸ்தீன மக்களின் வாழ்க்கையை அறிந்தால் அவ்வாறு சொல்லத் தயக்கம் வரும். கடன் அங்கே வயிற்றையும் பிள்ளைகளையும் தொட்ட செய்தி. கணவனை இழந்த ஒரு பெண்ணின் இரு மகன்களையும் அடிமைகளாகக் கொண்டுபோகக் கடன் கொடுத்தவன் வந்து நின்ற கதை, எலிசா இறைவாக்கினரின் வரலாற்றில் இடம்பெறுகிறது. பஞ்சத்தில் தானியம் வாங்கவும் அரசனுக்கு வரி கட்டவும் வயல்களையும் திராட்சைத் தோட்டங்களையும் அடகு வைத்தவர்களின் முறையீட்டை நெகேமியா நூல் பதிவு செய்திருக்கிறது.

இதனால்தான் மோசேயின் சட்டம் கடன் கொடுப்பவரின் கையைப் பல இடங்களில் தடுத்துப் பிடிக்கிறது. மாவரைக்கும் திரிகைக் கல்லை அடகாக வாங்கலாகாது; அது ஒருவரின் உயிரையே அடகாக வாங்குவதற்கு ஒப்பாகும். அடகுப் பொருளை எடுக்கக் கடனாளியின் வீட்டுக்குள் நுழையலாகாது. வெளியே காத்து நிற்க வேண்டும். ஏழையின் மேலாடையை அடகாகப் பெற்றிருந்தால், இரவில் போர்த்திக்கொள்ள அதைச் சூரியன் மறையும்போது திருப்பித் தந்துவிட வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, 7 ஆண்டுகளுக்கு ஒருமுறை கடன்களை விட்டுவிட வேண்டும் என்றும், 50-ஆவது ஆண்டில் கைமாறிய நிலம் உரிய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. அந்த 50-ஆவது ஆண்டே யூபிலி ஆண்டு.

இங்கே ஒரு பொருளியல் சிக்கல் எழுகிறது. 7-ஆம் ஆண்டில் கடன் தள்ளுபடியாகும் என்று தெரிந்தால், 6-ஆம் ஆண்டில் கடன் கொடுக்க யார் முன்வருவார்? இந்த ஐயத்தைச் சட்டமே முன்கூட்டி உணர்ந்திருக்கிறது. விடுதலை ஆண்டு நெருங்குகிறது என்று எண்ணி ஏழைக்குக் கை விரிக்காதே என்று அது எச்சரிக்கிறது. ஆனால் எச்சரிக்கையால் மட்டும் கடன் சந்தை இயங்குவதில்லை. இயேசுவுக்குச் சற்று முந்திய தலைமுறையைச் சேர்ந்த ஹில்லேல் என்னும் யூதப் பேரறிஞர் இதற்கு ஒரு மாற்றுவழி வகுத்தார். கடனை நீதிமன்றத்தின் பொறுப்பில் ஒப்படைத்துவிட்டால், 7-ஆம் ஆண்டிலும் அதை வசூலிக்கலாம் என்பதே அந்த ஏற்பாடு. 'புரோஸ்புல்' என்பது அதன் பெயர். ஏழைக்குக் கடன் கிடைக்கவேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் பிறந்த ஏற்பாடு அது. எனினும் ஏழைக்கு இருந்த விடுதலையை அது பறித்துக்கொண்டது. யூதேயப் பாலைவனத்தின் முரப்பாத் குகையில் கிடைத்த, நீரோ மன்னன் காலத்துக் கடன் பத்திரம் ஒன்றில், அது விடுதலை ஆண்டாக இருந்தாலும் கடனைத் திருப்பித் தருவேன் என்று கடனாளி ஒப்புக்கொள்கிறார்.

கி.பி. 66-இல் எருசலேமில் கிளர்ச்சி வெடித்தபோது, கிளர்ச்சியாளர்கள் கடன் பத்திரங்கள் வைக்கப்பட்டிருந்த ஆவணக் காப்பகத்துக்குத் தீ வைத்தார்கள் என்று வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதுகிறார். அக்கால மக்களின் நெஞ்சில் கடன் எவ்வளவு பெரிய சுமையாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்தச் சூழலில்தான் கடனை மன்னிப்பது பற்றி இயேசு ஓர் உவமை சொன்னார். அரசனிடம் 10,000 தாலந்து கடன்பட்ட ஒரு பணியாளனின் கடன் முழுவதும் தள்ளுபடியாகிறது. அவனோ வெளியே வந்ததும், தனக்கு 100 தெனாரியம் தரவேண்டிய உடன்பணியாளனின் கழுத்தைப் பிடிக்கிறான். அவனைச் சிறையிலும் தள்ளுகிறான்.

இந்தத் தொகைகளை நாம் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. ஒரு தெனாரியம் என்பது கூலியாளின் ஒருநாள் ஊதியம். ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். எனவே 10,000 தாலந்து என்பது 6 கோடி நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் உழைத்தாலும் அடைத்துத் தீர்க்க 2 லட்சம் ஆண்டுகள் ஆகும். கலிலேயாவிலிருந்தும் பெரேயாவிலிருந்தும் ஏரோது அந்திப்பாவுக்குக் கிடைத்த ஆண்டு வருவாயே 200 தாலந்துதான் என்கிறார் ஜோசிபஸ். ஆக, இரு நாட்டுப் பகுதிகளின் 50 ஆண்டு வருவாய் அந்தப் பணியாளனுக்குத் தள்ளுபடியானது. அவன் விட்டுக்கொடுக்க மறுத்ததோ 100 நாள் கூலி.

அந்த 100 நாள் கூலியை அற்பத் தொகை என்று எவரும் தள்ளிவிட முடியாது. கூலி வேலை செய்பவருக்கு அது நான்கு மாத உழைப்பு. உவமையின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. மன்னிப்பதால் மன்னிப்பவருக்கு உண்மையாகவே இழப்பு உண்டு என்பதை அது மறைக்கவில்லை. தள்ளுபடியான கடன் காற்றில் கரைந்துவிடுவதில்லை. அந்த இழப்பை யாரோ ஒருவர் ஏற்கிறார். உவமையில் முதல் இழப்பை அரசன் ஏற்றான். இரண்டாவது இழப்பை ஏற்கவேண்டியவன் மறுத்தான்.

'பாவம்' என்று மட்டும் மொழிபெயர்க்கும்போது இந்த இழப்பு நம் கண்ணிலிருந்து மறைந்துவிடக்கூடும். மன்னித்தேன் என்று வாயால் சொல்வது எளிது. 'கடன்' என்றதும், எதை இழக்க அணியமாக இருக்கிறாய் என்ற கேள்வி எழுந்து நிற்கிறது. அதே வேளையில், 'கடன்' என்பதைப் பணமாக மட்டும் கொண்டால், பணத்தால் அளக்க முடியாத காயங்கள் கணக்கில் வராமல் போகும். ஆகவே இரண்டு மொழிபெயர்ப்புகளும் ஒன்றுக்கொன்று துணை என்றே கருதுகிறேன்.

இச்சொல் பழைய ஏட்டோடு நின்றுவிடவும் இல்லை. ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்யக் கோரி 1990-களில் எழுந்த இயக்கம், லேவியர் நூலிலிருந்து பெயரெடுத்து 'யூபிலி 2000' என்று தன்னை அழைத்துக்கொண்டது. 1999-இல் கொலோன் நகரில் கூடிய ஜி-7 நாடுகளின் தலைவர்கள் கடன் நிவாரணத்தை விரிவுபடுத்த இசைந்ததில் அந்த இயக்கத்துக்கும் பங்குண்டு. கடனைத் தள்ளுபடி செய்தால் ஒழுங்கு கெடும் என்று அன்று ஒரு சாரார் வாதிட்டனர். வகுப்பறையில் நானும் அதையே வாதிட்டிருக்கிறேன். அந்த வாதத்தில் உண்மை உண்டு. ஹில்லேல் எதிர்கொண்ட சிக்கலும் அதுவே. ஆனால் ஒருபோதும் அடைக்க முடியாத கடனை ஏட்டில் வைத்துக்கொண்டிருப்பதில் என்ன ஒழுங்கு இருக்கிறது என்ற கேள்விக்கு அந்த வாதத்தில் விடையில்லை.

தமிழ் இந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளையும் தந்திருக்கிறது. வாங்கிய பணமும் கடன். செய்யவேண்டிய கடமையும் கடன். நன்றிக்கடன் என்கிறோம், நீத்தார் கடன் என்கிறோம். வியப்பு என்னவென்றால், கிரேக்கத்திலும் அப்படியே. கடன்படுவதைக் குறிக்கும் வினைச்சொல்லே கடமைப்படுவதையும் குறிக்கும். சீடர்கள் ஒருவர் காலை ஒருவர் கழுவக் கடமைப்பட்டவர்கள் என்று இயேசு சொல்லும் இடத்தில் யோவான் நற்செய்தி அந்த வினையையே ஆள்கிறது. அன்பைத் தவிர வேறு எந்தக் கடனும் உங்களுக்கு இருக்கலாகாது என்ற கருத்தைப் பவுல் உரோமையருக்கு எழுதும்போதும் அதே வினைதான் வருகிறது.

என் அலமாரியில் ஒரு புரோநோட்டு கிடக்கிறது. உறவினர் ஒருவர் 20 ஆண்டுகளுக்கு முன் எழுதிக் கொடுத்தது. சட்டப்படி 3 ஆண்டுகளிலேயே அது காலாவதியாகிவிட்டது. அந்தப் பணம் இனித் திரும்பாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் அதை நான் கிழித்துப் போடவில்லை. அவர் வீட்டு விசேஷங்களுக்கும் போவதில்லை. காலாவதியாவது வேறு, மன்னிப்பது வேறு என்பது அந்த வழிபாட்டில் அமர்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

காலத்தால் தீரும் கடனுக்கு யாருடைய மனமும் இளக வேண்டியதில்லை. மன்னிப்பால் தீரும் கடனுக்கோ, இழப்பைத் தெரிந்தே ஏற்றுக்கொள்ளும் ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதராக இருப்பதும் ஒரு கடன்தான்.

கட்டுரையாளர்:
பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).