புண் ஆற்றும் செடியும் அதன் வேர்த் துணையும்

சுரங்கம் ஒன்று மூடப்பட்டதும் அதன் வரலாறு முடிந்துவிடுவதில்லை. கனிமத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டப்பட்ட கழிவு மேடுகள் பல பத்தாண்டுகள் வெறுமையாகக் கிடக்கின்றன. துத்தநாகமும் ஈயமும் காட்மியமும் கலந்த அவற்றின் தூசியைக் காற்று ஊருக்குள் கொண்டு செல்கிறது. மழை ஆற்றில் சேர்க்கிறது. அம்மேடுகளைப் பசுமையால் போர்த்துவதே இதற்குரிய வழி. ஆயினும், அங்கே செடிக்குத் தடையாக நிற்பது நஞ்சு மட்டுமன்று. மக்கு இல்லாத அம்மண்ணில் நைட்ரஜன் சத்தும் மிகக் குறைவு.

இங்குதான் அவரைக் குடும்பத்துச் செடிகள் நம் கவனத்திற்கு உரியவையாகின்றன. உளுந்துச் செடியொன்றை வேரோடு பிடுங்கினால் சிறு முடிச்சுகளைக் காண்கிறோம். அவற்றுள் வாழும் ரைசோபியம் வகை பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கித் தருகின்றன. செடி அவற்றுக்குச் சர்க்கரைச் சத்தை வழங்குகிறது. ஜெர்மானிய அறிஞர்களான ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1880களில் இவ்வுண்மையை மெய்ப்பித்தனர்.

உலோகம் மிகுந்த மண்ணில் இக்கூட்டுறவு நிலைக்குமா? சுரங்கக் கழிவுக்கு வெளியே, இங்கிலாந்தின் வோபர்ன் ஆய்வுப் பண்ணையில் இதற்கு ஒரு விடை கிடைத்தது. அங்கே 1942 முதல் 1961 வரை உலோகம் கலந்த சாக்கடைக் கசடு வயலுக்கு உரமாக இடப்பட்டது. அவ்வயல்களில் வளர்ந்த வெண் குளோவர் செடிகள் இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் நலிந்தே காணப்பட்டன. 1980களில் ஆராய்ந்தபோது, முதலில் வீழ்ந்தது செடியன்று, அதன் துணையே என்பது தெரியவந்தது. மண்ணில் எஞ்சிய பாக்டீரியாக்கள் முடிச்சுகளை உண்டாக்கினவேயன்றி நைட்ரஜனைத் தரவில்லை. முடிச்சுக்குள் பாக்டீரியாவுக்குப் புகலிடம் உண்டு. வெளியே மண்ணில் தனித்திருக்கும் காலத்திலோ அது நஞ்சை நேரே எதிர்கொள்கிறது.

அந்நஞ்சையும் வென்ற ஒரு துணையைத் தென் பிரான்சில் காண்கிறோம். சான் லோரான் லெ மினியே என்னும் ஊரருகே உள்ள பழைய துத்தநாகச் சுரங்கக் கழிவில் ‘ஆந்திலிஸ் வல்னரேரியா’ என்ற சிறு செடி தானாகவே வளர்கிறது. அதன் வேர் முடிச்சுகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பாக்டீரியாவுக்கு 2009இல் ‘மீசோரைசோபியம் மெட்டாலிடுரன்ஸ்’ எனப் பெயரிடப்பட்டது. உலோகத்தைத் தாங்குவது என்பது அதன் பொருள். தன் உயிரணுவுக்குள் நுழையும் துத்தநாகத்தையும் காட்மியத்தையும் வெளியேற்றும் புரத எக்கிகள் அதனிடம் உள்ளன. செடியின் வழி வேறு: உலோகத்தை உயிரணுச் சுவர்களில் பிணைத்தும் நுண்குமிழிகளில் அடைத்தும், உயிர்ச்செயல்கள் நிகழும் இடத்திலிருந்து அதனை விலக்கி வைக்கிறது. இவ்விரண்டும் இணைந்து சேர்க்கும் நைட்ரஜன், பக்கத்தில் வளரும் புல்லுக்கும் பயன் தருகிறது. இவ்வாறு வேர்கள் பரவி, தூசி அடங்குகிறது.

இதிலிருந்து நாம் பெறும் தெளிவு ஒன்று உண்டு. கழிவு மேட்டில் விதையை மட்டும் தூவினால் போதாது. அம்மண்ணைத் தாங்கிப் பழகிய பாக்டீரியாவையும் உடன் சேர்த்தல் வேண்டும். செடி வளர்ந்தமையால் நஞ்சு மறைந்துவிட்டதாகக் கருதுவதும் தவறாகும். உலோகம் அங்கேயே இருக்கிறது. ஒரு பகுதி இலையிலும் ஏறுகிறது. எனவே அங்கு கால்நடைகளை மேயவிடலாகாது.

வல்னரேரியா என்னும் பெயர் ‘புண்’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. ஐரோப்பியர் முற்காலத்தில் இச்செடியைக் காயங்களுக்கு மருந்தாக இட்டனர். மனிதன் தோண்டிப் புண்ணாக்கிய நிலத்துக்கும் இன்று அது மருந்தாகிறது. ஆனால், தனியாக அன்று.