உடலின் வாயிற்காவலர்

ஒரே வீட்டில் வளரும் இரு குழந்தைகளை ஒரே கிருமி தாக்குகிறது. ஒரு குழந்தை இரண்டு நாள் காய்ச்சலோடு தேறிவிடுகிறது. மற்றொன்றின் உயிருக்கே அபாயம் நேர்கிறது. இதனைத் தலைவிதி என்று சொல்லி நாம் அமைந்துவிடுவதுண்டு. அவ்விதியின் ஒரு பகுதி மரபணுக்களில் எழுதப்பட்டிருப்பதை விஞ்ஞானம் இன்று படித்துக் காட்டுகிறது.

நம் வெள்ளணுக்களில் 'ஏற்பிகள்' என்று நாம் தமிழில் வழங்கும் நுண்ணிய புரதங்கள் உள்ளன. வாயிற்காவலன் அயலானை உடையைக் கொண்டு அறிவதுபோல, இவை கிருமியை அதன் மேலுறைப் பொருள்களைக் கொண்டு அறிகின்றன. அறிந்ததும் அணுவின் உள்ளே செய்தி செல்கிறது, காய்ச்சல் எழுகிறது, வெள்ளணுக்கள் திரள்கின்றன. இஃது பிறவியிலேயே அமைந்த பாதுகாப்பு.

காவலர் தவறினால் யாது நேரும்? அமெரிக்காவின் ஜாக்ஸன் ஆய்வுக்கூடத்துச் சுண்டெலி இனமொன்று இதற்கு விடை தந்தது. சில பாக்டீரியாக்களின் உறையிலிருந்து எடுத்த நஞ்சைச் செலுத்தினால் ஏனைய எலிகள் மடியும். இவ்வினத்து எலிகளோ தாங்கிக்கொள்ளும். ஆனால் உயிருள்ள சால்மொனெல்லா கிருமிகள் மிகச் சில புகுந்தாலும் இவை மாண்டுபோகும். 1998-இல் புரூஸ் பாய்ட்லர் குழுவினர் காரணத்தைக் கண்டனர். அந்நஞ்சை உணரும் 'டி.எல்.ஆர். 4' என்னும் ஏற்பியில், 712-ஆம் இடத்து அமினோ அமிலம் ஒன்று மாறியிருந்தது, அவ்வளவே. நஞ்சை உணராமையால் எலி அதிர்ச்சிக்குத் தப்பியது. உணராமையாலேயே கிருமிக்கு இரையாயிற்று. பாய்ட்லர் 2011-ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

மக்களிடத்தும் இதனையொத்த குறை அரிதாக உண்டு. காவலன் குரல் கொடுத்தும், அதனை உள்ளே கொண்டுசெல்லத் தூதுவன் இல்லாத நிலை அது. 'ஐராக் 4' என்னும் தூதுப் புரதம் செயலற்றுப் பிறந்த குழந்தைகளைப் பற்றி 2003-இல் ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தனர். நியூமோகாக்கஸ் போன்ற கிருமிகள் இக்குழந்தைகளின் இரத்தத்திலும் மூளையுறையிலும் பரவுகின்றன. கொடுமை யாதெனில், நோய் முற்றும்போதும் காய்ச்சல் தாமதித்தோ குறைந்தோதான் காணும். நெற்றியைத் தொட்டுப் பார்த்து ஆறுதல் கொள்ளும் தாய் ஏமாந்துபோகக் கூடும்.

தாய், தந்தை ஆகிய இருவரிடமிருந்தும் குறையுள்ள பிரதியைப் பெற்ற குழந்தைக்கே இந்நோய் வரும். ஒரு பிரதியை மட்டும் தாங்கும் பெற்றோர் நலமாகவே இருப்பர். ஆகவே இதில் எவர்மீதும் பழியில்லை. நெருங்கிய உறவில் மணம் செய்வோரிடம் இத்தகைய நோய்களுக்கு வாய்ப்பு மிகும்.

உரிய காலத்தில் அறிந்தால் தடுப்பூசிகளாலும், மருத்துவர் ஆலோசனைப்படி தொடர்ந்து தரும் கிருமிக்கொல்லி மருந்தாலும் குழந்தையைக் காக்க முயலலாம். பதினான்கு வயதைக் கடந்தபின் கடுந்தொற்று அரிதாகிவிடுகிறது. ஆகவே கடக்க வேண்டியது குழந்தைப் பருவமே. குடும்பத்தில் முன்பு ஒரு குழந்தை மூளையுறை அழற்சியால் இறந்திருந்தால், அடுத்த குழந்தையின் மருத்துவரிடம் அச்செய்தியை மறைக்காமல் கூறுவோமாக. துயரத்தால் நாம் பேசாது விடும் அச்சொல்லே ஓர் உயிரைக் காக்கவல்லது.