உங்களுக்குத் தெரியுமா? விற்பனைக்கு ஒரு பிரவுன்ஸ்டோன் வீடு

நியூயார்க் நகரில் புரூக்ளின், ஹார்லெம் பக்கம் வீடு விற்பனை விளம்பரத்தில் ‘பிரவுன்ஸ்டோன்’ என்ற சொல் இருந்தால் போதும், விலை ஒரு படி ஏறி நிற்கும். அந்த வீடுகளைப் பற்றிச் சில சேதிகள்:

● பிரவுன்ஸ்டோன் என்பது பழுப்பு நிற மணற்கல். கல்லில் கலந்துள்ள இரும்பு துருவேறியதால் வந்த நிறம் அது. பெரும்பகுதி கனெக்டிகட் மாநிலத்தின் போர்ட்லண்ட் ஊர்க் கல்குவாரிகளிலிருந்து படகேறி வந்தது. கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மணற்கல்லில் டைனோசர் காலடித் தடங்களும் கிடைத்திருக்கின்றன.

● பார்வைக்குக் கல் வீடு. உண்மையில் செங்கல் வீடு! தெருவைப் பார்த்த முகப்பில் மட்டும் சுமார் 4 முதல் 6 அங்குலக் கனத்தில் கல் பதித்திருப்பார்கள். கொல்லைப்புறம் போனால் வெறும் செங்கல் சுவர்தான்.

● மணற்கல் அடுக்கடுக்காகப் படிந்து உருவானது. படிந்த வாக்கிலேயே கிடத்திக் கட்டினால் உழைக்கும். 19-ஆம் நூற்றாண்டுக் கட்டுநர்கள் பலர் பலகையாக அறுத்து நிமிர்த்திப் பதித்தார்கள். விளைவு, ஈரம் உள்ளே இறங்கிக் குளிரில் உறைந்து, கல் ஏடு ஏடாக உரிகிறது.

● போர்ட்லண்ட் குவாரிகளை 1936-இல் வெள்ளம் மூழ்கடித்தது. 1938-இல் புயலும் சேர்ந்துகொண்டது. 1990-களில் சிறிய அளவில் மீண்டும் கல் எடுத்தார்கள்; 2012-இல் அதுவும் நின்றது. பழைய குவாரிக் குளம் இப்போது நீர் விளையாட்டுப் பூங்கா. அந்தக் கல் கிடைக்காததால் பல வீடுகளின் முகப்பில் இன்று நாம் பார்ப்பது கல்லே அல்ல, பழுப்பு நிறம் கலந்த சிமெண்ட் பூச்சு.

● வாசலில் ஓர் ஆள் உயரத்துக்கு ஏறும் படிக்கட்டுக்கு ‘ஸ்டூப்’ என்று பெயர். டச்சுக்காரர்கள் விட்டுப்போன சொல். 1811-இல் மன்ஹாட்டனுக்குப் போட்ட தெருத் திட்டத்தில் பின்சந்துகளே இல்லை. எனவே எஜமானர் படியேறி முன்கதவு வழியாகவும், வேலையாட்களும் சரக்கும் படிக்கட்டுக்குக் கீழுள்ள சிறு கதவு வழியாகவும் நுழைந்தார்கள். மாலையில் இந்தப் படிகள்தான் அந்தத் தெருவின் திண்ணை.

● மன்ஹாட்டன் மனையின் வழக்கமான அளவு 25 அடி அகலம், 100 அடி நீளம். 4 மனையில் 5 வீடு கட்டினால் ஒவ்வொன்றும் 20 அடி. 2 மனையில் 3 வீடு என்றால் 17 அடிகூட வராது. ஆகவே வாங்க வருகிறவர் முதலில் கேட்பது, “அகலம் எத்தனை அடி?”

● நாவலாசிரியை ஈடித் வார்ட்டன் 1862-இல் பிறந்தது ஒரு பிரவுன்ஸ்டோன் வீட்டில்தான். ஆனால் நியூயார்க் முழுக்க அப்பிக் கிடந்த அந்தச் சாக்லேட் நிறம் அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. 1934-இல் வெளிவந்த தன்வரலாற்றில் அதைச் சாடியிருக்கிறார்.

● அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் பிறந்த பிரவுன்ஸ்டோன் வீடு 1916-இல் இடிக்கப்பட்டது. அவர் 1919-இல் மறைந்த பிறகு, அதே இடத்தில் அதே மாதிரி இன்னொரு வீட்டை எழுப்பி 1923-இல் திறந்தார்கள். பயணிகள் இன்று பார்ப்பது அந்த நகலைத்தான்.

● 1930-களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் ஒன்று, கறுப்பினத்தவர் குடியேறிய, புரூக்ளினின் பெட்ஃபோர்ட்-ஸ்டைவசன்ட் போன்ற பகுதிகளை வரைபடத்தில் சிவப்பாக்கி, ‘ஆபத்தான முதலீடு’ என்று குறித்தது. அங்கே வங்கிக் கடன் குதிரைக்கொம்பானது. பல வீடுகள் அறை அறையாகத் தடுத்து வாடகைக்கு விடப்பட்டன. அதே பகுதியில் இன்று ஒரு முழு வீடு பல லட்சம் டாலர்.

● பார்படோஸ் தீவிலிருந்து புரூக்ளினுக்கு வந்த குடும்பங்கள் இப்படி ஒரு வீடு வாங்கப் படும் பாட்டைச் சொல்லும் நாவல், பால் மார்ஷல் 1959-இல் எழுதிய ‘பிரவுன் கேர்ள், பிரவுன்ஸ்டோன்ஸ்’.

● நியூயார்க் நகரம் 1965-இல் பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. அதன்கீழ் முதலில் அறிவிக்கப்பட்ட வட்டாரம் புரூக்ளின் ஹைட்ஸ். இத்தகைய வட்டாரத்தில் வீடு வாங்கினால், தெருப்பக்க ஜன்னலை மாற்றக்கூட நகர ஆணையத்தின் அனுமதி வேண்டும்.

● நியூயார்க் மாநிலத்தில் 10 லட்சம் டாலரோ அதற்கு மேலோ கொடுத்து வீடு வாங்கினால் ‘மாளிகை வரி’ உண்டு. 1 சதவீதத்தில் தொடங்கும்; நியூயார்க் நகருக்குள் விலை ஏற ஏற 3.9 சதவீதம் வரை போகும். 17 அடி அகல வீடும் சட்டத்தின் கண்ணுக்கு மாளிகைதான்!

● புரூக்ளின் ஹைட்ஸில் ஜோரலமன் தெரு 58-ஆம் எண் வீடு 1847-இல் கட்டியது. ஜன்னல்கள் எல்லாம் கறுப்பு. 1908-இல் அடியில் சுரங்க ரயில் பாதை வந்தபோது, வீட்டின் உள்ளே இருந்ததை அகற்றி, பாதைக்குக் காற்றுப்போக்கியாகவும் அவசர வழியாகவும் மாற்றிவிட்டார்கள். அக்கம்பக்கத்தில் எது விலைக்கு வந்தாலும், இந்த வீடு மட்டும் வராது.