பழகாத வாகனமும் பயம் தெளிதலும்

எமது கிராமங்களில் நாற்பது வயதைக் கடந்தபின் வாகனம் ஓட்டப் பழகுவோர் பலர் உள்ளனர். தனித்துக் குடும்பத்தைக் கொண்டு நடத்தும் பெண்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், மகன் வெளிநாடு சென்றபின் வீட்டு வாகனத்தை என்ன செய்வதென்று யோசிக்கும் பெற்றோர் எனப் பல வகையினர் இவர்கள். பயிற்சி நிலையத்தின் சிறிய காரை இவர்கள் நன்றாகவே ஓட்டுகின்றனர். ஆனால் வீட்டில் நிற்கும் வானில் ஏறியதும் கை நடுங்குகின்றது. வாகனம் குலுங்கி நின்றுவிடுகின்றது. "இந்த வயதில் எனக்கு இது சரிவராது" என்று திறப்பைக் கொடுத்துவிட்டு இறங்கிவிடுகின்றனர். அதன்பின் சாரதி அனுமதிப்பத்திரம் அலுமாரிக்குள் கிடக்க, கிளினிக்குக்குப் போவதற்கும் மரக்கறியைச் சந்தைக்கு ஏற்றுவதற்கும் வாடகை வாகனத்துக்குப் பணம் செலவாகின்றது.

இந்தப் பயத்துக்கு வயது மட்டும் காரணமல்ல. பயிற்சி வாகனங்கள் பலவற்றில் ஆசிரியரின் காலடியிலும் ஒரு பிறேக் உண்டு. பழகுபவரின் துணிவில் ஒரு பங்கு அந்தக் காலுக்கு உரியது. வீட்டு வாகனத்தில் அது இல்லை. மேலும், எமது கைகால்கள் பழகியது ஒரு வாகனத்தின் அளவுகளுக்கு மட்டுமே. ஆகவே வாகனம் மாறும்போது தடுமாறுவது இயல்பு. தெரியாத பொருளைத் தெரிந்துகொண்டால் பயமும் குறையும்.

நிற்கும் வாகனத்தில் முதற் பாடம்

முதல் நாள் வாகனத்தை ஓட்டவே வேண்டாம். எஞ்சினை இயக்காமல் அரை மணி நேரம் அமர்ந்திருங்கள். கிளச்சை முழுதாக மிதித்தபோதும் முழங்கால் சற்று மடிந்திருக்கும்படி ஆசனத்தை நகர்த்துங்கள். பின் கண்ணாடிகளைச் சரிசெய்து, ஆசனப்பட்டியை அணியுங்கள்.

அடுத்து, வாகனத்துக்கு வாகனம் மாறுபடுபவற்றைத் தேடிப் பாருங்கள். றிவேர்ஸ் கியர் சிலவற்றில் தண்டை அமுக்கியும், சிலவற்றில் வளையத்தைத் தூக்கியும் போடப்படும். கைப்பிறேக் ஆசனங்களுக்கு நடுவில் இருக்கலாம். பழைய வான்களில் சுக்கானுக்கு அருகே இழுக்கும் பிடியாக இருக்கலாம். சில வாகனங்களில் காலால் மிதிப்பதாகவும் உண்டு. ஜப்பானிய வாகனங்களில் சிக்னல் தண்டு பெரும்பாலும் வலப்புறத்தில் இருக்கும். ஐரோப்பிய வாகனங்களில் இடப்புறத்தில் இருக்கும். திரும்பும் இடத்தில் சிக்னலுக்குப் பதிலாக மழைத்துடைப்பான் ஓடினால் பழகுபவர் பதறிப்போவார். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு சிக்னல், விளக்கு, ஹோர்ன், துடைப்பான் ஆகியவற்றைக் கையால் தொட்டுக் காட்டுமளவுக்குப் பழகுங்கள்.

கிளச்சும் அளவும்

இரண்டாம் நாள் சமதரையான வெறும் வளவில் பழகலாம். முதலாம் கியரில், கிளச்சை மிக மெதுவாக விடுங்கள். எஞ்சினின் சத்தம் சற்றுத் தாழ்ந்து, வாகனம் நகர முனையும் இடம் ஒன்று வரும். அங்கே ஒரு கணம் நிறுத்தி, மீண்டும் மிதியுங்கள். இடையிடையே ஓய்வெடுத்து இருபது தடவை இப்படிச் செய்தால் கால் அந்த இடத்தைத் தானே அறிந்துகொள்ளும். கிளச் இல்லாத ஓட்டோமற்றிக் வாகனத்தில், பிறேக்கை விட்டதும் அக்சிலேற்றரை மிதிக்காமலே வாகனம் நகரும் என்பதை நினைவில் வையுங்கள்.

பின்னர் வாகனத்தின் அளவை அறிய வேண்டும். ஒரு தடியை நட்டு, அதன் அருகே வந்து நிறுத்தி, இறங்கி எவ்வளவு இடைவெளி இருக்கின்றதென்று பாருங்கள். முன்னும் பின்னும் இரு பக்கங்களிலும் இவ்வாறு செய்யுங்கள். முன் சில்லுக்கு மேலே சாரதி அமரும் வான்களில், காரில் திரும்புவதைவிடச் சற்று முன்னே சென்றே சுக்கானைத் திருப்ப வேண்டும். இல்லையேல் பின் சில்லு மதகிலோ வேலியிலோ ஏறிவிடும்.

எஞ்சின் நின்றுபோனாலும் கலங்க வேண்டாம். பிறேக்கும் கிளச்சும் மிதித்து, கியரை நடுநிலைக்கு எடுத்து, மீண்டும் இயக்குங்கள். எஞ்சின் நின்றால் பிறேக்கும் சுக்கானும் கடினமாகும். ஆனால் வேலை செய்யும். பலமாக மிதித்தால் வாகனம் நிற்கும். இதையும் வளவிலேயே மெல்ல நகர்ந்தபடி செய்து பார்த்துவிடுங்கள்.

ஒவ்வொன்றாகக் கூட்டுதல்

வளவுக்குப் பின் காலைநேர ஒழுங்கை. அதன்பின் பிரதான வீதி. பின்னர் சந்தைப் பக்கம். கடைசியில் மழையும் இரவும். ஒரு நாளில் புதிய கடினம் ஒன்று மட்டும் போதும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனில் வாகனம் ஏறக்குறைய 14 மீற்றர் கடந்துவிடும். தடுமாறும் கைக்கு அந்த ஒரு செக்கன் பெரிது. எனவே மெதுவாகச் செல்வதற்கு வெட்கப்பட வேண்டாம். பின்னால் ஹோர்ன் அடிப்பவருக்கு, இடம் கண்டதும் இடப்புறம் ஒதுங்கி வழிவிடலாம்.

பரீட்சையில் இன்னும் சித்தியடையாதவர் பயிலுநர் அனுமதிப்பத்திரமும் 'எல்' பலகையும் இன்றி வீதிக்கு வரக்கூடாது. பயிலுநர் ஓட்டும்போது காப்புறுதி செல்லுபடியாகுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டறிதல் நன்று.

அருகில் இருப்பவருக்கு

பக்கத்தில் அனுபவமுள்ள சாரதி ஒருவர் இருக்க வேண்டும். ஆனால் கணவனோ மகனோ தம்பியோ அருகில் இருந்து சத்தமிட்டால் பல நாட் பயிற்சி ஒரு கணத்தில் வீணாகும். "அக்கா, அந்த ஆலமரத்தடியில் இடப்பக்கம் திரும்புவோம்" என்று முன்கூட்டியே அமைதியாகச் சொல்லுங்கள். சுக்கானைப் பிடித்து இழுக்காதீர்கள். தவறு நடந்தால், வாகனத்தை ஓரமாக நிறுத்தியபின் பேசுங்கள்.

பயம் முழுதாகப் போனபின் ஓட்டலாம் என்று காத்திருப்பவர் ஒருநாளும் ஓட்டப்போவதில்லை. வாகனத்தை அறிய அறியத்தான் பயம் தெளியும். சிறிதளவு அச்சம் எஞ்சியிருந்தாலும் குறையில்லை. கண்ணாடியைப் பார்க்கவும் வேகத்தைக் குறைக்கவும் அதுவே எமக்கு நினைவூட்டும்.