கிராலர் கண்ணில் படாத பக்கங்கள்

இன்றைய இணையதளம் ஒன்றைக் கணினியில் திறந்து, கன்ட்ரோல் விசையோடு யு விசையையும் அழுத்துங்கள். சர்வர் அனுப்பிய மூல எச்டிஎம்எல் அப்படியே விரியும். படமும் விலையும் விவரமுமாகத் திரையில் நிறைந்திருந்த பக்கம், இங்கே சில வரிகளிலேயே முடிந்துவிடலாம். மேலே ஒரு தலைப்பு, நடுவே ‘ரூட்’ என்று பெயரிட்ட காலிப் பெட்டி, கீழே ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பின் முகவரி, அவ்வளவுதான். அந்தக் கோப்பு வந்திறங்கி, பிரவுசருக்குள் ஓடி, சர்வரிடம் தரவு கேட்டு வாங்கி, பெட்டியை நிரப்பிய பிறகே நாம் பார்க்கும் பக்கம் உருவாகிறது. ஒற்றைப் பக்கத் தளங்கள் பலவும் இப்படித்தான் இயங்குகின்றன. ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது முழுப் பக்கமும் மறுபடி ஏற வேண்டியதில்லை என்பதால் பயன்படுத்துபவருக்கு வசதி.

திண்டாடுவது தேடுபொறிதான். லிங்க் பிடித்து லிங்க்காகப் போய் எழுத்துகளைச் சேகரிக்கும் அதன் கிராலர், ஆரம்பத்தில் எச்டிஎம்எல்லை மட்டுமே படித்தது. காலிப் பெட்டியில் படிக்க என்ன இருக்கிறது? போதாக்குறைக்கு, அந்தக் காலத் தளங்கள் உள்பக்கங்களின் முகவரியை # குறிக்குப் பின்னால் வைத்தன. அந்தக் குறிக்குப் பின்னால் வருவதை பிரவுசர் சர்வருக்கு அனுப்புவதே இல்லை. ஆயிரம் பக்கம் இருந்தாலும் சர்வருக்குத் தெரிவது ஒரே முகவரி.

2009இல் கூகுள் ஒரு வழி சொன்னது. முகவரியில் #! என்று போட்டால், கிராலர் அதைச் சர்வருக்குப் புரியும் வேறொரு முகவரியாக மாற்றிக் கேட்கும். சர்வர் முன்கூட்டியே நிரப்பிய எச்டிஎம்எல்லைத் தர வேண்டும். ட்விட்டர் இந்த #! முகவரிகளுக்கு மாறியது. வலைப்பதிவுத் தளங்களை நடத்திய காக்கர் நிறுவனத்தின் தளங்களும் மாறின. 2011 பிப்ரவரியில் அவற்றின் ஜாவாஸ்கிரிப்ட் பழுதானபோது வாசகர்களுக்குக் கிடைத்தது வெற்றுப் பக்கம். 2012இல் ட்விட்டர், முதல் பக்கத்தைச் சர்வரிலேயே தயாரிக்கும் முறைக்குத் திரும்பியது. முதல் ட்வீட் தெரிய ஆகும் நேரம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்ததாக அறிவித்தது. கிராலருக்கு நல்லது எதுவோ அது மெதுவான இணைப்பில் காத்திருக்கும் மனிதருக்கும் நல்லது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. 2015இல் கூகுளே #! பரிந்துரையைக் கைவிட்டது.

இன்று கூகுளின் கிராலரான கூகுள்பாட் ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டிப் பார்க்கிறது. எச்டிஎம்எல்லை எடுத்து, பக்கத்தை வரிசையில் நிறுத்தி, முறை வந்ததும் குரோமுக்கு அடிப்படையான குரோமியம் பிரவுசரில் திறக்கிறது. 2019 மே வரை அதற்கு வாய்த்தது 2015இல் வந்த குரோம் 41. இப்போது புதிய பதிப்புகளோடு ஒத்துப்போகிறது. ஆனாலும் அது எந்தப் பட்டனையும் தட்டாது, நம்மைப்போல் ஸ்க்ரோல் செய்யாது. முறையான லிங்க் இல்லாமல் ‘கிளிக் செய்தால் ஓடு’ என்று மட்டும் எழுதிய மெனுவுக்குப் பின்னால் இருக்கும் பக்கங்களுக்கு அதனால் வழி தெரியாது. இல்லாத பக்கத்தைக் கேட்டாலும் ‘பக்கம் இல்லை’ என்னும் 404 குறியீட்டைச் சொல்லாமல் ‘எல்லாம் சரி’ என 200 தரும் தளங்கள் அதை மேலும் குழப்புகின்றன.

கூகுளோடு விஷயம் முடிவதில்லை. வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பும்போது வரும் படமும் தலைப்பும், சர்வர் தந்த முதல் எச்டிஎம்எல்லிலிருந்து எடுக்கப்படுபவை. அதில் அந்தந்தப் பக்கத்துக்குரிய தலைப்பு இல்லையென்றால், எந்தச் செய்தியைப் பகிர்ந்தாலும் தளத்தின் பெயர் மட்டுமே போய்ச் சேரும்.

என் பார்வையில் சரியான தீர்வு, சமைத்த சோற்றையே பரிமாறுவது. நெக்ஸ்ட், நக்ஸ்ட் போன்ற கருவிகள் பக்கத்தைச் சர்வரிலேயே நிரப்பி அனுப்புகின்றன, அல்லது தளத்தைச் சர்வரில் ஏற்றும்போதே எச்டிஎம்எல் கோப்புகளாகச் செய்து வைக்கின்றன; ஜாவாஸ்கிரிப்ட் பின்னால் வந்து அதே பக்கத்துக்கு இயக்கம் தருகிறது. பக்கத்தை மறுபடி ஏற்றாமலே முகவரியை மாற்ற ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு வழி தரும் ஹிஸ்டரி ஏபிஐ பிரவுசர்களில் வந்த பிறகு # இல்லாமலே ஒவ்வொரு பகுதிக்கும் தனி முகவரி வைக்கலாம். கிராலருக்கு மட்டும் தனிப் பிரதி தரும் ‘டைனமிக் ரெண்டரிங்’ முறையை 2018இல் முன்வைத்த கூகுள், இப்போது அது தற்காலிக ஒட்டு வேலைதான் என்கிறது. இரண்டு பிரதிகளைப் பராமரிக்கும் தலைவலியை நினைத்தால் அது நியாயமான பேச்சு.

செய்தித்தளம், கடை, அரசுத் துறையின் தகவல் பக்கம் எல்லாவற்றுக்கும் இந்த உழைப்பு அவசியம். லாகின் செய்து பார்க்கும் வங்கிக் கணக்குப் பக்கத்துக்குத் தேவையே இல்லை. அதை எந்தத் தேடுபொறியும் படிக்கக் கூடாது.